அகல் விளக்கில் க்யூஆர் கோடு: ஸ்கேன் பண்ணினால் யாருடைய ரகசியம் வெளியே வரும்?

கார்த்திகை தீபத்துக்கு ஆன்லைனில் ஒரு செட் செராமிக் அகல் விளக்கு ஆர்டர் போடுறீங்க. பெட்டியின் அடியில் ஒரு க்யூஆர் கோடு. போனை நீட்டினால் திரையில் ஒரு வரைபடம் விரிகிறது. மண் நெய்வேலியில் இருந்து, வார்த்தது விருத்தாசலத்தில், சூளையில் வெந்தது இந்தத் தேதியில், லாரி ஏறியது இந்தத் தேதியில். கடைசியில் ஒரு பச்சை டிக், ‘பிளாக்செயினில் சரிபார்க்கப்பட்டது’ என்று.

வாங்குகிறவருக்கு சூப்பரா இருக்கும். ஆனால் அதே கோடை விருத்தாசலத்தில் பக்கத்து ஷெட்டில் விளக்கு செய்பவர் ஸ்கேன் பண்ணினால்? அந்த யூனிட்டிடம் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி பண்ணினால்? பெங்களூருவில் இருக்கும் அவருடைய போட்டியாளர் பண்ணினால்? அவர்கள் தேடப் போவது விளக்கின் கதையை இல்லை. யாருக்கு, எவ்வளவு, எப்போது போச்சு என்பதைத்தான்.

அகல் விளக்கு இங்கே ஓர் உதாரணம்தான். மேலே சொன்ன காட்சி கற்பனை. ஆனால் மஞ்சள், மிளகாய், காபி என்று நம்மைச் சுற்றியுள்ள பொருட்களுக்கு இந்த முயற்சிகள் நிஜமாகவே தொடங்கியாச்சு. சின்னச் சின்ன யூனிட்டுகள் நெருக்கியடித்து இருக்கும் ஒரு தொழில் ஊருக்கு இது வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க, விருத்தாசலத்தை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்.

ஏன் விருத்தாசலம்?

கடலூர் மாவட்டத்தில் இந்த ஊரைக் கோயிலுக்கும் ரயில்வே ஜங்ஷனுக்கும் தெரிந்தவர்கள் அதிகம். மூன்றாவது அடையாளம் செராமிக். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கூடவே கிடைக்கும் களிமண் இந்தத் தொழிலுக்கு ஆதாரம். இதற்கென்றே அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் இந்த ஊரில் இருக்கிறது. வீட்டு மின்சாரப் பெட்டியில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை, அகல் விளக்கு எல்லாம் இங்கே சிறு யூனிட்டுகளில் தயாராகின்றன.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. மண் எல்லோருக்கும் ஒன்றுதான். சூளையும் ஏறக்குறைய ஒன்றுதான். அச்சைப் பார்த்து இன்னொருவர் ஒரு வாரத்தில் நகல் எடுத்துவிடலாம். அப்படியென்றால் ஒரு யூனிட்டை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது என்ன? கிளேஸ் கலவை, கழிவு போக எத்தனை பீஸ் தேறுகிறது என்ற கணக்கு, அப்புறம் ரொம்ப முக்கியமா, யார் வாங்குகிறார் என்ற பட்டியல். சொத்து என்று பார்த்தால் சூளையை விட அந்தப் பட்டியல்தான் பெரிசு. அது பெரும்பாலும் முதலாளியின் போன் கான்டாக்ட்ஸில்தான் இருக்கும்.

டிரேசபிலிட்டி, அதாவது பொருள் வந்த வழியைப் பின்தொடரும் வசதி, கேட்பது சரியாக அந்தப் பட்டியலைத்தான்.

பிளாக்செயின் என்றால் பிட்காயின் மட்டும் இல்லை

பிளாக்செயினை ஒரு கணக்கு நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நோட்டின் பிரதி பல பேரிடம் இருக்கும். ஒருவர் ஒரு வரி எழுதினால் எல்லோர் நோட்டிலும் ஏறும். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தோடு கணித முறையில் கட்டப்பட்டிருக்கும். பழைய வரியைத் திருத்தினால் அடுத்த பக்கங்கள் எல்லாம் பொருந்தாமல் போய் மாட்டிக்கொள்ளும். சேர்க்கலாம், அழிக்க முடியாது. பிட்காயின் போன்றவற்றில் நோட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கம்பெனிகள் பயன்படுத்துவது பெரும்பாலும் இன்னொரு வகை. அனுமதி உள்ளவர்கள் மட்டும் படிக்கலாம், எழுதலாம்.

உங்க போனிலேயே இந்த இரண்டாவது வகையின் விளைவு இருக்கிறது. வங்கி, டெலிவரி நிறுவனம் எல்லாம் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் அனுப்புநர் பெயரும் செய்தி வடிவமும் ‘டிஎல்டி’ என்ற தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். தொல்லை எஸ்எம்எஸ்ஸைக் கட்டுப்படுத்த 2018-ல் டிராய் கொண்டுவந்த விதிமுறை அது. டிஎல்டி என்பது பரவலாக்கப்பட்ட பேரேட்டுத் தொழில்நுட்பம், பிளாக்செயினின் குடும்பப் பெயர். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்களுக்குள் நடத்தும் அந்த நோட்டை நீங்களும் நானும் பிரித்துப் பார்க்க முடியாது.

மாம்பழத்தில் தொடங்கி மஞ்சள் வரை

சப்ளை செயினில் இது பிரபலமானது வால்மார்ட் செய்த ஒரு பரிசோதனையால். கடையில் இருந்த மாம்பழத் துண்டு பாக்கெட் எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது என்று பழைய முறையில் தேடியபோது கிட்டத்தட்ட 7 நாள் ஆனது. ஐபிஎம்மோடு சேர்ந்து பிளாக்செயினில் பதிவு செய்த பிறகு 2.2 விநாடி. உலகம் முழுக்க பிரசன்டேஷன் ஸ்லைடுகளில் இந்த எண் வலம் வந்தது. (அந்த 7 நாளில் எவ்வளவு பேப்பரைப் புரட்டும் நேரம், எவ்வளவு பதில் சொல்லாத போன் கால் என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. ஒழுங்கான எக்செல் ஷீட்டே பாதி வேலையை முடித்திருக்கும் என்பது என் எண்ணம்.)

இந்தியாவில் காபி வாரியம் 2019 மார்ச்சில் பிளாக்செயின் அடிப்படையிலான காபி சந்தைத் தளத்தைத் தொடங்கியது. நறுமணப் பொருட்கள் வாரியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் இந்தியப் பிரிவும் 2021 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டு, ஆந்திராவில் மிளகாய், மஞ்சள் பயிரிடும் 3,000-க்கும் அதிகமான விவசாயிகளோடு ஒரு முன்னோட்டத் திட்டத்தை அறிவித்தன. தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் பிளாக்செயினுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. ‘நம்பிக்கை இணையம்’ என்ற பெயரில் அரசின் சொந்த பிளாக்செயின் கட்டமைப்புக்கான வேலையும் நடந்தது.

வெளியில் இருந்து வரும் அழுத்தம் இன்னும் பெரிசு. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதி, ரப்பர், காபி, மரம் போன்ற பொருட்கள் விளைந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஆறு தசம இலக்கம் வரை கேட்கிறது. இரண்டு முறை தள்ளிப்போய், இப்போதைய கணக்குப்படி பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் இறுதியில் அமலாகிறது. அந்த விதி பிளாக்செயின் வேண்டும் என்று சொல்லவில்லை, தகவல் வேண்டும் என்கிறது. அந்தத் தகவலைத் தொகுத்துத் தருகிறோம் என்று வரும் கம்பெனிகள்தான் பிளாக்செயினைக் கையோடு கொண்டு வருகின்றன.

ஆறு தசம இலக்கம் என்றால் எவ்வளவு துல்லியம்? சுமார் 11 சென்டிமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தில் அரை ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவரின் தோட்டத்தில் எந்த மரம் என்றே காட்டிவிடலாம். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் பட்டா விவரம் பார்க்கலாம் என்பது நமக்குத் தெரியும். வரைபடப் புள்ளி, சர்வே எண், பட்டா, உரிமையாளர் பெயர். நாலே படி. ‘பெயரை நாங்க போடவே இல்லை சார், லொகேஷன் மட்டும்தான்’ என்று சொல்வது இதனால்தான் பாதுகாப்பு ஆகாது.

விளக்கு பேச ஆரம்பித்தால்…

விருத்தாசலத்துக்குத் திரும்புவோம். ஒரு கற்பனை யூனிட். தனி ஆள் பெயரில் ஜிஎஸ்டி பதிவு, பத்துப் பதினைந்து பேர் வேலை. பெரிய ஆன்லைன் பிராண்ட் ஒன்று, ‘ஒவ்வொரு லாட்டையும் எங்க பிளாக்செயின் ஆப்பில் பதிவு பண்ணணும்’ என்கிறது. ஆர்டர் வேண்டுமே, பண்ணுகிறார். மண் வந்த தேதி, எடை, வார்த்த எண்ணிக்கை, சூளையில் ஏற்றியது, தேறியது, பெட்டி கட்டியது, அனுப்பியது.

எதிலும் விலை இல்லை. பார்த்தால் ரகசியமே இல்லாத மாதிரிதான் இருக்கும். ஆனால் ஏற்றியது எவ்வளவு, தேறியது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கழிவு விகிதம் தெரிகிறது. கழிவு விகிதமும் மண் எடையும் தெரிந்தால் ஒரு விளக்கின் அடக்க விலையை, தொழில் தெரிந்த எவரும் மனக்கணக்கில் போட்டுவிடுவார். அடுத்த சீசனுக்கு விலை பேச பிராண்டின் கொள்முதல் அதிகாரி வரும்போது, ‘உங்களுக்கு இவ்வளவுதானே அண்ணே அடக்கம், எங்களுக்கு இன்னும் ரெண்டு ரூபா குறைங்க’ என்பார். எதிர்ப் பக்கம் பிராண்ட் அந்த விளக்கை என்ன விலைக்கு விற்கிறது, எவ்வளவு லாபம் என்பது அந்த நோட்டில் எங்கேயும் இருக்காது.

பல யூனிட்டுகள் ஒரே சூளையில் சரக்கை வேக வைக்கும் ஏற்பாடு இருந்தால் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடும். சூளைப் பதிவேடு பொது நோட்டில் ஏறினால், யார் எந்த வாரம் எத்தனை தட்டு ஏற்றினார் என்பது எல்லோருக்கும் வெட்டவெளிச்சம். ஊருக்குள் டீக்கடையில் ஓரளவு தெரிந்த விஷயம்தான் அது. டீக்கடைப் பேச்சு அடுத்த தீபாவளிக்குள் மறந்து போகும். நோட்டு மறக்காது.

இன்னொன்று, தொழிலாளர்கள். ‘கைவினைஞரைச் சந்தியுங்கள்’ என்று ஒரு பக்கம் வைப்பது இப்போது பிராண்டுகளுக்குப் பிடித்தமான விஷயம். விளக்குக்கு வண்ணம் தீட்டிய பெண்ணின் புகைப்படம், பெயர், ஊர், எத்தனை வருட அனுபவம். கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னபோது இது அழியாத நோட்டில் ஏறப்போகிறது என்று அவரிடம் யாராவது சொல்வார்களா? இரண்டு வருடம் கழித்து அவர் வேலையை விட்டுவிடுகிறார், இல்லை வேறு யூனிட்டுக்குப் போகிறார், இல்லை சும்மாவே ‘என் போட்டோ வேணாம்’ என்கிறார். என்ன செய்வது?

‘எல்லாத்தையும் ஹாஷ் பண்ணிட்டோம் சார்’

இந்தக் கேள்விகளைக் கேட்டால் சாஃப்ட்வேர் விற்பவரிடம் இருந்து வரும் ரெடிமேட் பதில் இது. ஹாஷ் என்பது எந்தத் தகவலையும் அரைத்து நிலையான நீளமுள்ள ஒரு குறியீடாக மாற்றும் கணக்கு. அரைத்த மாவில் இருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது என்பது போல, குறியீட்டில் இருந்து மூலத்தை எடுக்க முடியாது. அது உண்மைதான். ஆனால் திரும்ப எடுக்க வேண்டிய அவசியமே இல்லையே!

மொபைல் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9-ல் ஒன்று. ஆக மொத்தம் சாத்தியம் 400 கோடி. பெரிய எண்ணாகத் தெரியலாம். ஒரு நல்ல கேமிங் கம்ப்யூட்டருக்கு 400 கோடி நம்பரையும் ஒவ்வொன்றாக ஹாஷ் பண்ணிப் பார்க்க சில விநாடி போதும். எது பொருந்துகிறதோ அதுதான் உங்க நம்பர்.

ஜிஎஸ்டி எண் கதை இன்னும் சுலபம். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்து அப்படியே பான் எண். தனி உரிமையாளர் தொழில் என்றால் அது அந்த மனிதரின் சொந்த பான். ஜிஎஸ்டி எண் ரகசியம் கிடையாது, பில்லில் அச்சாகிறது, கடை வாசல் பலகையிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. பிரச்சினை அந்த எண் தெரிவதில் இல்லை. விருத்தாசலத்தில் இருக்கும் செராமிக் யூனிட்டுகளின் ஜிஎஸ்டி எண்களை ஒரு மதிய நேரத்தில் சேகரித்து, ஒவ்வொன்றையும் ஹாஷ் பண்ணி, நோட்டில் உள்ள குறியீடுகளோடு ஒப்பிட்டால் போதும். எந்த லாட் யாருடையது என்ற மொத்தக் கதையும் கையில்.

இதற்கு மருந்து உண்டு, பெயரும் வீட்டுச் சமையலறையில் இருந்து வந்த மாதிரி இருக்கும்: சால்ட், அதாவது உப்பு. ஹாஷ் பண்ணும் முன் தகவலோடு ஊகிக்க முடியாத நீளமான ஒரு குருட்டு எண்ணைச் சேர்த்துவிட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் வேறு வேறு உப்பு. அந்த உப்பு நோட்டில் ஏறக்கூடாது, தகவலின் சொந்தக்காரரிடம் மட்டும் இருக்கும். யாருக்குக் காட்ட விரும்புகிறாரோ அவரிடம் தகவலையும் உப்பையும் கொடுப்பார். அவர் ஹாஷ் பண்ணிப் பார்த்து நோட்டில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று சரிபார்ப்பார். மற்றவர்களுக்கு அது வெறும் கிறுக்கல்.

கூடவே இன்னொரு வசதி. தகவல் தனியே, நோட்டுக்கு வெளியே, சாதாரண டேட்டாபேஸில் இருக்கிறது. நோட்டில் இருப்பது உப்பு போட்ட ஹாஷ் மட்டும். வண்ணம் தீட்டிய அந்தப் பெண் ‘வேணாம்’ என்று சொன்னால் டேட்டாபேஸில் இருந்து போட்டோவையும் உப்பையும் அழித்துவிடலாம். நோட்டில் மிச்சம் இருக்கும் குறியீட்டை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நோட்டையே பிரித்து வைக்கும் முறையும் இருக்கிறது. லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் இருக்கும் ‘ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்’ என்ற மென்பொருளில் ‘சேனல்’ என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்குள் சின்ன குரூப் மாதிரி, குறிப்பிட்ட சிலர் மட்டும் பார்க்கும் தனி நோட்டு. ‘தனிப்பட்ட தரவுத் தொகுப்பு’ என்ற இன்னொரு ஏற்பாட்டில் விவரம் சம்பந்தப்பட்டவர்களிடம் மட்டும் இருக்கும், மற்றவர்களுக்கு ஹாஷ் மட்டும் போகும். யூனிட்டுக்கும் மண் சப்ளையருக்கும் நடுவில் உள்ளதை பிராண்ட் பார்க்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தால், மென்பொருளில் அதற்கு இடம் இருக்கிறது. மென்பொருள் தயார், முடிவெடுக்கத்தான் ஆள் இல்லை.

தட்டிப் பார்த்தால் தெரியும்

சூளையில் இருந்து இறங்கிய பீங்கானை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘டிங்’ என்று கணீரென்று கேட்டால் நல்ல பீஸ், மொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல். அந்தச் சத்தம் விரிசல் இல்லை என்று சொல்கிறது. கிளேஸில் என்ன கலந்தது, எந்த வெப்பத்தில் வெந்தது என்று சொல்வதில்லை.

‘ஜீரோ நாலெட்ஜ் புரூஃப்’ என்ற கணித முறை ஏறக்குறைய இதைத்தான் தகவலில் செய்கிறது. ஒரு கூற்று உண்மை என்று நிரூபிக்கலாம், அந்தக் கூற்றுக்குப் பின்னால் இருக்கும் விவரத்தைக் காட்டாமலே. 1985-ல் கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் என்ற மூன்று ஆய்வாளர்களின் கட்டுரையில் தொடங்கிய இந்தக் கருத்து, பல வருடம் கணிதத் துறைக்குள்ளேயே இருந்தது. கணக்காய்வு நிறுவனமான இஒய் 2019-ல், பொது பிளாக்செயினில் விவரம் வெளியே தெரியாமல் பரிவர்த்தனை செய்ய ‘நைட்ஃபால்’ என்ற மென்பொருளை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

செராமிக்கில் இதற்கு நல்ல உதாரணம் ஈயம். உணவு படும் பீங்கான் பாத்திரத்தில் இருந்து ஈயமும் காட்மியமும் கசியலாம். கிண்ணம், கப் போன்றவற்றுக்கு ஐரோப்பாவில் பல காலமாக உள்ள ஈய வரம்பு லிட்டருக்கு 4 மில்லிகிராம். சரக்கோடு போகும் இணக்கச் சான்றில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். விளக்கு செய்யும் யூனிட் நாளைக்கு டீ கப் ஏற்றுமதி செய்ய நினைத்தால் இந்தக் கதவைத் தாண்டியாக வேண்டும். ‘ஆய்வக முடிவு வரம்புக்குக் கீழே’ என்பதை மட்டும் ஜீரோ நாலெட்ஜ் முறையில் நிரூபிக்கலாம். முழு ஆய்வறிக்கை போட்டியாளர் கையில் போய், கிளேஸில் என்ன இருக்கிறது என்று அவர் யூகிக்க வழி கொடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணிதம் எண்ணைப் பற்றித்தான் சத்தியம் செய்கிறது, பொருளைப் பற்றி இல்லை. ஆய்வகத்துக்குப் போன கப் வேறு, பெட்டியில் போன கப் வேறு என்றால் உலகத்தில் எந்த பிளாக்செயினும் கண்டுபிடிக்காது. பொய்யை எழுதினால் அந்தப் பொய்யும் அழியாமல் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

சட்டம் யார் பக்கம்?

வியாபாரத் தகவல் கசிந்தால் நஷ்டம் என்பதை இந்தியச் சட்டம் ஓர் இடத்தில் தெளிவாக ஒப்புக்கொண்டிருக்கிறது. இறக்குமதி, ஏற்றுமதி செய்பவர்கள் சுங்கத் துறைக்குத் தரும் விவரங்களைத் தொகுத்து, யார் யாரிடம் என்ன விலைக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று விற்கும் ஒரு வியாபாரமே நடந்து வந்தது. 2022 நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சுங்கத் துறைக்குக் கொடுத்த மதிப்பு, அளவு போன்ற விவரங்களைச் சட்டத்தில் அனுமதி இல்லாமல் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே விவரத்தை அதே வியாபாரி ஒரு தனியார் பிளாக்செயின் தளத்தில் கொடுத்தால் இந்தப் பிரிவு உதவாது. அவருக்கு இருப்பது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் மட்டுமே. படிக்காமல் ‘ஐ அக்ரீ’ அழுத்தினாரே, அதுதான்.

தனி மனிதர் பற்றிய தகவலுக்கு 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் அமலுக்கு வருகின்றன. ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தகவலை அழிக்கச் சொல்லவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. ‘எங்க டெக்னாலஜியில் அழிக்க முடியாதுங்க’ என்ற பதில் அப்போது செல்லுபடியாகாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரமும் இதுதான். தனிநபர் தகவலை நோட்டிலேயே எழுதுவதை முடிந்தவரை தவிருங்கள் என்கிறது.

நம்ம சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு பொடி எழுத்து உண்டு. ஒருவர் தானாகவே பொதுவெளியில் வெளியிட்ட தன் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பொது பிளாக்செயினில் யூனிட் உரிமையாளரே ஆப்பைத் திறந்து தன் விவரத்தைப் பதிவு செய்தால் அது ‘தானாக வெளியிட்டது’ ஆகுமா? ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் அழுத்திய பட்டனை ‘தானாக’ என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் வாதம் அப்படி வரும் என்று எதிர்பார்க்கலாம்.

மறைப்பது எல்லாம் நல்லதா?

இங்கே ஒரு மறுபக்கமும் இருக்கு. ரகசியம் எப்போதும் சின்னவருக்கு லாபம் என்று இல்லை. விருத்தாசலத்து விளக்கு பெங்களூரு கடையில் யார் செய்தது என்றே தெரியாமல், வேறு பிராண்ட் பெயரில் இருந்தால் லாபம் இடைத்தரகருக்கு. க்யூஆர் கோடில் யூனிட்டின் பெயர் தெரிந்தால் அந்தக் கடைக்காரர் நேரடியாகக் கூப்பிடலாம். இடைத்தரகர் ‘பிரைவசி’ பேசினால் அவர் காப்பாற்றுவது தன் கமிஷனை.

ஆக, எதைக் காட்டுவது என்று யார் முடிவெடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. இப்போதைய ஏற்பாடுகளில் தகவலை உட்கார்ந்து டைப் செய்பவர் சின்ன யூனிட்காரர், யார் பார்க்கலாம் என்று செட்டிங்ஸில் டிக் அடிப்பவர் பெரிய வாங்குபவர்.

பெரிய கம்பெனிகள் தங்களுக்கு இதே நிலைமை வந்தபோது சும்மா இருக்கவில்லை. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், ஐபிஎம்மோடு சேர்ந்து 2018-ல் ‘டிரேட்லென்ஸ்’ என்ற பிளாக்செயின் தளத்தைத் தொடங்கியது. ஒரு கப்பல் கம்பெனி நடத்தும் நோட்டில் போட்டிக் கப்பல் கம்பெனிகள் கணக்கு எழுதுமா? ஆரம்பத்தில் தயங்கின, தளத்தை நிர்வகிப்பதில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று பேசின, 2019-ல் எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் போன்றவை சேர்ந்தன. அப்படியும் 2022 நவம்பரில் மூடுவதாக அறிவிப்பு வந்தது. உலகளவில் முழுமையான ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளே என் கணக்கு யார் கையில் என்று கேட்கும்போது, பத்துப் பேர் வேலை செய்யும் விளக்கு யூனிட் கேட்கக்கூடாதா?

ஆப் கொண்டு வருபவரிடம் கேட்க

கேட்பதற்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. நான் டைப் செய்வதில் எது நோட்டில் ஏறுகிறது, எது வெளியே டேட்டாபேஸில் நிற்கிறது? ஹாஷ் என்றால் உப்பு யாரிடம் இருக்கிறது? கடைக்காரர், போட்டியாளர், பிராண்ட், இந்த மூன்று பேருடைய போனில் ஸ்கேன் பண்ணினால் திரையில் என்ன வரும், இப்போதே காட்டுங்கள். டெமோவில் எப்போதும் வாடிக்கையாளர் திரையை மட்டும் காட்டுவார்கள். மற்ற இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்ணிக்கையைத் துல்லியமாகப் போட வேண்டுமா, ‘500-க்கு மேல்’ என்றால் போதாதா? நான் விலகினால் என் பழைய பதிவுகள் என்ன ஆகும்? நீங்கள் கடையைக் கட்டினால் என்ன ஆகும்?

ஐடி துறையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு கொசுறு வேலை. பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் உப்பு போட்டு மறைத்த பிறகும் நேரம் மிச்சம் இருக்கும். அகல் விளக்கு கார்த்திகைக்கு முன்னால் குவியும், மற்ற மாதங்களில் அடங்கும். இன்சுலேட்டர் செய்யும் யூனிட்டின் பதிவுகள் வருடம் முழுக்க வேறு தாளத்தில் வரும். வெறும் நேர முத்திரைகளை வரிசையாக அடுக்கினாலே எந்தக் குறியீடு விளக்கு யூனிட், அதில் யாருக்கு இந்த வருடம் ஆர்டர் குறைந்தது என்று ஊர்க்காரர் சொல்லிவிடுவார். பதிவுகளை உடனுக்குடன் எழுதாமல் சேர்த்து வைத்து, வாரம் ஒரு முறை, எல்லா யூனிட்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே எண்ணிக்கையில், காலியாக இருந்தால் போலிப் பதிவு சேர்த்து எழுதினால் இந்தத் தாளம் மறையும். 2.2 விநாடி என்று ஸ்லைடில் போட முடியாமல் போகும். விளக்குக்கு அவ்வளவு அவசரம் கிடையாது.